அம்சத்தின் இடது கால் மெட்டி

அம்சத்தின் இடது கால் பெரியது. இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது, அவளுக்கும் பிடிக்காது. முழங்காலுக்குக் கீழே உரல் மாதிரி இருக்கும். யானைக்கால். கல்யாணமாகி மூன்றாம் வருடம் ஆரம்பித்தது, இப்போது அவளுக்கு ஐம்பத்து நான்கு வயது. வலங்கைமானுக்குத் தெற்கே எங்கள் தெருவில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு முருங்கை மரம்தான் வேலி. அவள் அடுப்பில் என்ன கொதிக்கிறது என்பது அவள் புருஷனுக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரியும்.

அந்தக் காலோடுதான் அவள் நடவு செட்டு நடத்துகிறாள். அவளோடு பதினோரு பெண்கள். இப்போது நடவுக்கு மிஷின் வந்துவிட்டது. ஆனால் மிஷின் இறங்கினால் ஏற முடியாத தாழ்ந்த வயல்கள் இந்தப் பக்கம் நிறைய உண்டு. அந்த வயல்காரர்கள் எல்லோரும் அம்சத்துக்குத்தான் போன் போடுவார்கள். ஒரு தடவை அவர்களில் ஒருவர், துரைராசு, வரப்பில் நின்றுகொண்டு, "இந்தக் கால வச்சுக்கிட்டு எப்புடிம்மா நடுவ?" என்று கேட்டார்.

"கையாலதாங்க நடுறேன்" என்றாள் அம்சம். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பத்து வருடமாக அவர் வயலுக்கு வேறு ஆள் இறங்கியதில்லை.

அவளை முடக்கியது கால் இல்லை, காய்ச்சல். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை சொல்லாமல் கொள்ளாமல் வரும். தொடையிடுக்கில் நெறி கட்டும். கால் சிவந்து அடுப்பு மாதிரி கொதிக்கும். மூன்று போர்வை போர்த்தினாலும் கட்டில் ஆடுகிற அளவுக்குக் குளிரும். நான்கைந்து நாளில் இறங்கும். சும்மா இறங்காது, காலை இன்னும் ஒரு சுற்று பெருக்க வைத்துவிட்டுத்தான் போகும்.

போன வருடத்துக்கு முந்திய சம்பாவில், நடவு தொடங்கிய மூன்றாம் நாளே படுத்துவிட்டாள். பறித்துக் கட்டிய நாற்று முடிகள் வரப்பில் கிடந்து வாடின. வயல்காரர்கள் நீடாமங்கலம் பக்கத்திலிருந்து வேறு செட்டைக் கூட்டிவந்தார்கள். பொங்கலுக்குத் திருப்பூரிலிருந்து வந்த அவள் மகன் சேரன், "போதும்மா. செட்ட வேற யாருகிட்டயாச்சும் குடுத்துட்டு வீட்ல ஒக்காரு" என்று சண்டை போட்டான். அவள் அவனிடம் ஒரு வார்த்தை கொடுத்தாள்.

"அடுத்த சம்பா நடவுல ஒரு தடவ படுத்தன்னா, நானே கரையேறிடுறேன். நீ சொல்ல வேண்டாம்."

நான் புருஷனை இழந்து பதினாறு வருடம் ஆகிறது. அவர் போனதுகூட எனக்கு அவ்வளவு பயமாக இல்லை. அம்சம் வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்தால் என்ன ஆவாள் என்று நினைக்கத்தான் பயமாக இருந்தது. கத்துவதற்கு ஆள் இல்லாமல் அவள் செத்துப்போவாள்.

பங்குனி மாதம் தஞ்சாவூரிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். பிரகதீஸ்வரி என்று ஒரு டாக்டரம்மா, நாற்பது வயது இருக்கும். அவரோடு ஜெயபாரதி என்று ஒரு பெண், கையில் சிலேட்டு அளவு போன் மாதிரி இருக்கிற டேப்பை வைத்துக்கொண்டு அதையே பார்த்துப் பேசுகிறவள். யானைக்கால் உள்ளவர்களை ஊர் ஊராகக் கணக்கெடுத்துச் சீட்டுப் போட்டார்களாம். சீட்டில் எங்கள் ஊர் விழுந்தது. விழாத ஊர்களுக்கு அடுத்த வருடம்தான். துணை சுகாதார நிலையத்தில் எல்லோரையும் உட்காரவைத்து டாக்டரம்மா பேசினார்.

"இந்தக் காலச் சின்னதாக்குற மருந்து எங்கிட்ட இல்லைங்க. அத மொதல்லயே சொல்லிடுறேன். காய்ச்சல நிறுத்த முடியுமான்னுதான் பாக்கப் போறோம். வெரல் இடுக்குல புண்ணு இருந்தா அது வழியா கிருமி உள்ள போவுது, காய்ச்சல் வருது. தெனம் சோப்பு போட்டுக் கழுவணும், ஈரம் இல்லாமத் தொடைக்கணும், களிம்பு போடணும். அவ்வளவுதான். ஒரு வருஷம் இப்படிச் செஞ்சா காய்ச்சல் கொறையுதான்னு நாங்க எழுதிக்கிட்டே வருவோம்."

எனக்கு யானைக்கால் இல்லை. டீயும் பிஸ்கட்டும் கொடுக்கிறார்கள் என்று அம்சத்தோடு போனேன். ஜெயபாரதி ஒரு தாளை எடுத்து அம்சத்துக்கு வரி வரியாக வாசித்துக் காட்டினாள். என்ன செய்வோம், என்ன செய்ய மாட்டோம், எதில் நல்லது, எதில் சிரமம் என்றெல்லாம் இருந்தது. கடைசியில், "உங்களுக்குப் பிடிக்கலன்னா எப்ப வேணும்னாலும் காரணம் சொல்லாம விலகிக்கலாம்" என்றாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு யாரும் இப்புடி ஒரு தாளப் படிச்சுக் காட்டல" என்றேன்.

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நீங்களும் சேரணுமா ஆயா?" என்றாள்.

"யாருக்குடி ஆயா? டீய எடு."

அம்சம் கட்டைவிரல் ரேகை வைத்தாள். ஆளுக்கு ஒரு நீல பேசின், ஒரு சோப்பு, இரண்டு துண்டு, களிம்பு கொடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை தோறும் பதினான்கு பேர் அங்கே கூடுவார்கள். ஐந்து ஆண்கள், ஒன்பது பெண்கள். பேசினில் காலை வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். மாதம் ஒரு தடவை ஜெயபாரதி நாடா வைத்துக் காலை அளப்பாள். காய்ச்சல் வந்ததா, எத்தனை நாள் படுத்தீர்கள், மனசு எப்படி இருக்கிறது என்று வரிசையாகக் கேட்பாள்.

அம்சம் ஒரு வேலையை எடுத்தால் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. காலையில் ஒரு தடவை, வயலிலிருந்து வந்ததும் ஒரு தடவை. அவள் புருஷன் மருதையன் சொம்பில் தண்ணீர் ஊற்றுவான். அவன் போர் மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவன். அதிகம் பேச மாட்டான். அவன் ஊற்ற, அவள் விரல் விரலாகத் தேய்க்க, முருங்கை மரத்துக்கு இந்தப் பக்கம் நின்று நான் பார்ப்பேன். "பச்சப் புள்ளையக் குளிப்பாட்டுற மாதிரி இருக்குடி" என்பேன். "இது பச்சப் புள்ளைய விடக் கனம்க்கா" என்பாள்.

இவ்வளவும் செய்து, ஆனி மாதம் காய்ச்சல் வந்தது. ஆடி பதினெட்டு கழிந்து மறுபடியும் வந்தது.

செவ்வாய்க்கிழமை போனால் ஆண்கள் பக்கம் கொண்டாட்டம். ஐந்து பேரில் ஒருத்தனுக்குத்தான் காய்ச்சல். அவனும் குடிகாரன், கழுவாதவன். பெண்களில் பாதிக்கு மேல் படுத்து எழுந்தவர்கள். ஒருவன், "பொம்பளைங்க பேசினக் கவுத்துப் போட்டு சீரியல் பாக்குறாங்க, எப்புடி நிக்கும்?" என்று கேலி செய்தான். ஜெயபாரதியும் அம்சத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மெதுவாக, "அக்கா, மறைக்காமச் சொல்லுங்க. தெனம் கழுவுறீங்களா?" என்று கேட்டாள்.

கேலிக்கு அம்சம் பதில் வைத்திருந்தாள். இந்தக் கேள்விதான் அவளைச் சுட்டது. பேசினை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள். என் வீட்டுக் கொல்லையில் வந்து உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"பொய் சொல்றேன்னு நெனைக்குதுக்கா அந்தப் பொண்ணு."

"நெனச்சா நெனைச்சுட்டுப் போவட்டும்."

"நான் கழுவுறேன். கழுவியும் வருது. அப்ப ஆம்பளைங்களுக்கு நிக்கிறது எனக்கு ஏன் நிக்கல? சம்பாவுக்கு இன்னும் ரெண்டு மாசந்தான் இருக்கு."

காலை நீட்டி விரல்களை விரித்துப் பார்த்தாள். விரல் இடுக்கு வெளுத்துப்போய் இருந்தது. சேற்றுப்புண். சேற்றில் நிற்கிறவர்களுக்கு அது புதிதில்லை. மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்து வைத்து அலுத்துப்போன புண். நான் ஆறுதல் சொல்லத் தெரியாதவள். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"எனக்கெல்லாம் எங்க வீட்டு ஆளு செத்ததுலேர்ந்து சேத்துப்புண்ணே வரல. அதுக்கப்புறமும் பத்து வருஷம் ஒங்கூடத்தான நட்டேன்? ஒரு தடவகூட வரல. அந்தாளோட போச்சு."

வேடிக்கைக்குத்தான் சொன்னேன். அம்சம் சிரிக்கவில்லை. என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெசமாவாக்கா?"

"நெசந்தான். ஏன், ஒம்புருசனையும் அனுப்பி வைக்கப் போறியா?"

"சும்மா இரு, அக்கா" என்றாள். பிறகு குனிந்து என் இரண்டாவது விரலைத் தொட்டாள். மெட்டி இருந்த இடத்தில் தோல் இன்னும் கொஞ்சம் ஒடுங்கித்தான் இருக்கிறது. அங்கேயிருந்து கையை எடுத்துத் தன் விரலைத் தொட்டாள். அவள் மெட்டி எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். வலது காலில் இருப்பது சாதாரணமாகச் சுற்றும். இடது காலில் இருப்பது முப்பது வருடத்தில் விரலின் சதைக்குள் புதைந்துவிட்டது. வெள்ளியின் மேல்விளிம்பு மட்டும் கோடு மாதிரி தெரியும். திருப்பவும் முடியாது, கழற்றவும் முடியாது. சோப்பு அதன் மேலே போகும், அடியில் போகாது. துண்டும் அப்படித்தான்.

அன்றைக்கு அதைத் திருகிப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பேசின் வரிசையில் உட்கார்ந்து, எல்லோர் காலையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். வரும் வழியில் விரல் விட்டு எண்ணினாள். எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் பதினோரு பெண்களின் வேலை நாளையும் மனதில் வைத்திருக்கிறவள்.

"ஒம்பது பொம்பளைல ரெண்டு பேரு ஒன்ன மாதிரி. புருசன் இல்லாதவங்க. அவங்களுக்குக் காச்சல் வரல."

"அப்ப முண்டச்சிக்கு மட்டும் ஒரு யோகம் உண்டுன்னு சொல்லு."

"நானும் அப்புடித்தான் நெனச்சேன். ஆனா நூர்ஜஹானுக்கும் வரலக்கா. அவ புருசன் நல்லாத்தான் இருக்காரு, நேத்துக்கூட மீன் வாங்குனேன் அவருகிட்ட. அவங்க மெட்டி போடுறதில்ல. மெட்டி போட்டவ ஆறு பேரு. அதுல அஞ்சு பேருக்கு வந்திருக்கு."

நான் நடப்பதை நிறுத்திவிட்டேன். வேடிக்கையாகச் சொன்ன ஒரு சொல்லை இவள் எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறாள் என்று இருந்தது.

டாக்டரம்மா வந்த நாளில் அவரிடமே சொன்னாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அம்சம் சொன்னதை முதலிலிருந்து கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, "ஆறாவது ஆளுக்கு ஏன் வரல?" என்றார்.

"அது எனக்குத் தெரியலங்க" என்றாள் அம்சம்.

"நல்லது. தெரியலன்னா தெரியலன்னுதான் சொல்லணும். பதினாலு பேர வச்சு நான் எதையும் முடிவா சொல்ல முடியாதும்மா. ஆனா இந்தக் கேள்விய நாங்க கேக்காம விட்டிருக்கோம்." ஜெயபாரதியைப் பார்த்தார். "நம்ம பாரத்துல மெட்டி பத்தி எதுவும் இருக்கா?"

ஜெயபாரதி தலையைக் குனிந்துகொண்டாள். "இல்ல மேடம். மொத மாசம் பக்கத்து ஊர்ல ஒருத்தர்கிட்ட கழட்டிட்டுக் காட்டுங்கன்னு கேட்டேன். 'கல்யாணம் ஆவாத பொண்ணு, என் மெட்டியக் கழட்டச் சொல்றியா'ன்னு வெளக்கமாத்த எடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் நான் அந்த வெரலத் தொடுறதில்ல. இடுக்குல புண்ணு இருக்கான்னு வாயால கேப்பேன். இல்லம்பாங்க. இல்லன்னு எழுதிடுவேன்."

டாக்டரம்மா அவளைத் திட்டவில்லை. மற்ற ஊர்களிலும் போய்ப் பார்க்க ஆள் அனுப்பச் சொன்னார். அம்சத்தின் விரலை வெளிச்சத்தில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். "இத வெட்டித்தான் எடுக்கணும். வலிக்காது, அஞ்சு நிமிஷம்" என்றார்.

அம்சம் காலை இழுத்துக்கொண்டாள். "அது முடியாதுங்க."

கண்டுபிடித்தவள் அவள். ஊர்ப் பெண்களின் காலை எல்லாம் எண்ணிக் கணக்குச் சொன்னவள் அவள். தன் கால் என்று வந்ததும் முடியாது என்கிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"ஏன்டி முடியாது?"

"அவரு இருக்கும்போது நான் எப்புடிக்கா அதக் கழட்டுவேன்? வெட்டுறதாம்ல? வெட்டுறது."

"நான் கழட்டுனதாலயா எம்புருசன் செத்தாரு? செத்ததாலதான்டி கழட்டுனேன். எது முந்தி எது பிந்தின்னு தெரியாதா ஒனக்கு?"

டாக்டரம்மா சத்தமாகச் சிரித்துவிட்டார். "இதப் புரிய வைக்கத்தான் எங்களுக்கு காலேஜ்ல வருஷக்கணக்காப் பாடம் எடுத்தாங்க" என்றார். ஆனால் அம்சத்தை அவர் வற்புறுத்தவில்லை. பிடிக்காததைச் செய்யச் சொல்ல மாட்டோம் என்று தாளிலேயே இருக்கிறது என்றார். எனக்கு அந்தத் தாள் மேலேயே கோபம் வந்தது.

இரண்டு வாரம் ஓடியது. ஆவணி போய்க்கொண்டிருந்தது. நாற்றங்காலுக்கு விதை ஊறப்போடப் பேச்சு ஆரம்பித்துவிட்டது. அம்சம் விடாமல் கால் கழுவினாள். கழுவும்போது அந்த விரலை மட்டும் பார்க்க மாட்டாள். நான் அவளோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். அது அவளுக்குத் தண்டனை என்று நினைத்தேன், எனக்குத்தான் தண்டனையாக இருந்தது.

ஒரு நாள் மத்தியானம் மருதையன் மோட்டார் வேலை முடிந்து எண்ணெய்க் கையோடு வந்தான். அவள் சோறு போட்டாள். அவன் சாப்பிட்டுக்கொண்டே கேட்டது இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

"கல்யாணத்தன்னைக்கு இத யாரு போட்டது?"

"எத?"

"மெட்டிய."

"நீங்கதான். அம்மி மேல கால வச்சு."

"அப்ப நான்தான கழட்டணும். நீ ஏன் கெடந்து யோசிக்கிற?"

கரண்டி சட்டியில் இடிக்கிற சத்தம் கேட்டது.

"ஒனக்குக் காச்சல் வர்றப்ப எல்லாம் நான் என்ன பண்றேன்னு நெனைக்கிற? ஒன் காலப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கேன். கட்டிலு ஆடும். அத வேற என்னால பாக்க முடியாது."

"ஒங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"எனக்கு ஆவுறதுக்கு மெட்டி எதுக்கு? பீடி இருக்கு."

அம்சம் அழுதாளா சிரித்தாளா என்று சத்தத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் சோறு இரண்டாம் தடவை போட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் நல்ல நேரம் பார்த்து நாங்கள் மூவரும் துணை சுகாதார நிலையத்துக்குப் போனோம். அம்சம் ஒரு புது மஞ்சள் கயிறு மடியில் வைத்திருந்தாள். டாக்டரம்மா அதற்கென்று தஞ்சாவூரிலிருந்து ஒரு கருவி கொண்டுவந்திருந்தார். கைக்குள் அடங்குகிற மாதிரி இருந்தது. சாவி மாதிரி ஒரு பிடி, அதைத் திருகினால் சின்னப் பல்சக்கரம் சுற்றி வெள்ளியை அறுக்கும். அடியில் தோல் வெட்டுப்படாமல் ஒரு நாக்குத் தகடு உள்ளே போகும். டாக்டரம்மா உட்கார்ந்து காலைப் பிடித்தார். மருதையன் கையை நீட்டினான்.

"குடுங்கம்மா. நான் போட்டது, நானே எடுக்குறேன்."

"பழக்கம் வேணும்ங்க."

"பேரிங் கழட்டுறவன் நான். சொல்லிக் குடுங்க, செய்றேன்."

அவர் சொல்லிக்கொடுத்தார், பக்கத்திலேயே கையை வைத்துக்கொண்டார். மருதையன் தரையில் சம்மணம் போட்டு அந்தப் பெரிய காலைத் தன் மடியில் தூக்கி வைத்தான். நாக்குத் தகட்டை விளிம்புக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சமாக நுழைத்தான். அம்சம் என் கையைப் பிடித்திருந்தாள். அவள் நகம் பதிந்த இடம் மூன்று நாள் எரிந்தது. மருதையன் ஒவ்வொரு திருகுக்கும் நிறுத்தி, "வலிக்குதா?" என்றான். "இல்ல." "இப்ப?" "இல்லங்க, வெட்டுங்க." கடைசியில் டக்கென்று ஒரு சத்தம். வெள்ளி வாயைத் திறந்தது.

மெட்டியை எடுத்ததும் ஒரு வாடை வந்தது. மறைக்க ஒன்றுமில்லை, செத்த எலி வாடை. அடியில் விரலைச் சுற்றித் தோல் வெள்ளையாக ஊறிப்போய், உள்பக்கம் ஒரு நீளப் புண் இருந்தது. ஜெயபாரதி போட்டோ எடுத்தாள். எடுத்துவிட்டு, "இது இவ்வளவு நாளும் இங்கதான் இருந்துச்சா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அம்சத்துக்கு அவசரம். "கால் வெறுமையா இருக்கக் கூடாது, சீக்கிரம்" என்றாள். மருதையன் மெட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவி, புது மஞ்சள் கயிற்றில் மாட்டி, வெட்டிய வாயைக் குறட்டால் நெருக்கினான். பழைய கயிற்றுக்கு மேலேயே புதுக் கயிற்றைக் கட்டி, தாலியையும் அதில் மாற்றிய அப்புறம்தான் பழையதை எடுத்தார்கள். ஆசாரி தேவைப்படவில்லை. தாலியோடு மெட்டி தொங்கியதைப் பார்த்து, "இனிமே அவரு எங்கயும் ஓட முடியாதுடி, கழுத்துலயே பூட்டிட்ட" என்றேன்.

பதினோராம் நாள் மருதையன் மோட்டார் பெல்ட்டில் கட்டைவிரலை நசுக்கிக்கொண்டான். தெரு சும்மா இருக்குமா? எதிர்வீட்டுக்காரி அம்சத்தின் காலையும் கட்டுப் போட்ட அவன் விரலையும் மாறி மாறிப் பார்த்தாள். மருதையன் டீக்கடையில் போய் உட்கார்ந்து, கட்டுப் போட்ட விரலை எல்லோருக்கும் காட்டி, "போன வருசமும் இதே பெல்ட்டு, பக்கத்து வெரலு. அப்ப மெட்டி இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு வந்தான். பேச்சு அடங்கியது.

மற்ற மெட்டிக்காரிகளில் மூன்று பேர் அம்சத்தின் கயிற்றைப் பார்த்துவிட்டுத் தாங்களும் எடுத்துக்கொண்டார்கள். அதில் ஒருத்தியின் மாமியார் சண்டைக்கு வந்தாள். அம்சம் அந்த விரலின் போட்டோவை ஜெயபாரதியின் டேப்பில் காட்டச் சொன்னாள். மாமியார் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டாள், போட்டோவுக்கே. இரண்டு பேர் கடைசிவரை மாட்டேன் என்றுவிட்டார்கள். புரட்டாசியில் அவர்களில் ஒருத்திக்குக் காய்ச்சல். அம்சம்தான் கஞ்சி எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். மெட்டி பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் போயிருந்தால் பேசியிருப்பேன், அதனால் என்னைக் கூட்டிப்போகவில்லை.

இப்போது அவர்கள் பாரத்தில் புதிதாக ஒரு கேள்வி இருக்கிறது. காலில் மெட்டி அணிந்திருக்கிறீர்களா, அதைக் கழற்றிக் கழுவ முடிகிறதா என்று. எல்லா ஊர்களிலும் கேட்கிறார்களாம். அதற்கு என்ன விடை வரும் என்று தெரிய இன்னும் ஒன்றரை வருடம் ஆகும் என்கிறார் டாக்டரம்மா. வரட்டும். அந்தக் கேள்வியைக் கேட்டவள் எங்கள் தெருக்காரி.

ஐப்பசியில் சம்பா நடவு தொடங்கியது. அம்சம் பேசினையும் சோப்பையும் ஒரு குடம் குழாய்த் தண்ணீரையும் வயலுக்கே கொண்டுபோனாள். மத்தியானம் கரையேறியதும் முதலில் கால், அப்புறம்தான் சோறு. செட்டுப் பெண்கள், "மகாராணிக்குப் பாத பூசை நடக்குது, வெத்தலை பாக்கு வைங்கடி" என்று கூவினார்கள். "நீங்களும் கழுவுங்கடி, நாத்தம் தாங்கல" என்று இவள் கூவினாள். ஐந்தாம் நாளிலிருந்து பேசினுக்கு வரிசை நின்றது.

மூன்றாம் நாள் நான் விடிந்ததும் முருங்கை மரத்தடியில் போய் நின்றேன். முன்பு படுத்த நாள் அதுதானே. அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, கீரை பறிக்க வந்தியா?"

"ஆமா" என்றேன்.

பத்தாம் நாள் மழை பெய்தது. தொப்பலாக நனைந்து நட்டார்கள். எனக்குத்தான் சளி பிடித்தது. பத்தொன்பதாம் நாள் துரைராசு வயலோடு சம்பா முடிந்தது. ஒரு நாள்கூட அவள் படுக்கவில்லை. முடிந்த பிறகு படுப்பாளோ என்று நான் ஒரு வாரம் காத்திருந்தேன். அதுவும் இல்லை.

அடுத்த மாத அளவுக்கு ஜெயபாரதி வீட்டுக்கே வந்தாள். நாடாவைச் சுற்றி அளந்தாள். கால் அப்படியேதான் இருக்கிறது. அரை விரற்கடை குறைந்திருக்கிறது என்றாள், எனக்குக் கண்ணுக்குத் தெரியவில்லை. உரல் உரல்தான். விரல் இடுக்கை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். எந்த விரலையும் விடவில்லை. பிறகு டேப்பை எடுத்தாள்.

"கடைசியா நான் வந்ததுலேர்ந்து காய்ச்சல் எத்தன தடவக்கா?"

"வரல."

"வேலைக்குப் போகாம எத்தன நாள் படுத்திருந்தீங்க?"

"ஒரு நாளும் இல்ல. சைபர் போட்டியா? எங்க, காட்டு."

ஜெயபாரதி டேப்பைத் திருப்பிக் காட்டினாள். அம்சம் அந்த இரண்டு சைபரையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். தொட்டதில் ஒன்று அழிந்துவிட்டது. ஜெயபாரதி மறுபடியும் போட்டாள்.

"இப்ப மனசு பத்தி ஒரு பன்னெண்டு கேள்வி இருக்கு. மொத கேள்வி, போன ரெண்டு வாரமா நீங்க..."

அம்சத்தின் போன் அடித்தது. குறுவை அறுத்த வயலில் தாளடி நடவுக்கு ஆள் கேட்டு ஒரு வயல்காரர். அவள் எழுந்து, பேசினைத் தாண்டிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"திங்கக்கெழமையா? முடியாதுங்க, புதன்தான். பதினோரு பேரு இல்ல, என்னோட சேத்து பன்னெண்டு. ஆமா, நானும்தான் வர்றேன். நாத்தங்கால நல்லா ஊறவிட்டுப் பறிக்கச் சொல்லுங்க, போன தடவ மாதிரி வேரறுந்து கெடந்தா நான் நட மாட்டேன்."

"இது நீளும். நீ டீ குடி" என்று ஜெயபாரதியிடம் சொல்லி, நான் அடுப்பைப் பற்றவைக்கப் போனேன்.